ரெண்டு பெத்தவளுக்கு இது இருக்கத்தான் வேண்டுமா?

வாசகி ஒருவரின் கடிதம்:

"காங்கேயம் பக்கம் ஒரு கிராமமுங்க. வயசு 29. ரெண்டாவது குழந்தை பொறந்து அஞ்சு மாசம் ஆச்சு. ரெண்டுமே சுகப்பிரசவம், ரெண்டு தடவையும் தையல் போட்டாங்க. வீட்ல நாலு மாடு இருக்கு. கட்டுத்தரை வேலை, பால் கறந்து சொசைட்டிக்குக் கொண்டு போறது எல்லாம் நான்தான். இருமினா, தும்மினா, பால் கேனைத் தூக்கினா ஒண்ணுக்கு கொஞ்சம் வந்துடுது. முன்னாடி ஊர்ல வள்ளிக்கும்மி கத்துக்கிட்டு அரங்கேற்றம் வரைக்கும் ஆடினேன். போன மாசம் மறுபடி பயிற்சிக்குப் போனேன். ரெண்டு பாட்டுக்குக் குதிச்சதும் உள்பாவாடை நனைஞ்சிருச்சு. ஒடம்பு சரியில்லைன்னு சொல்லிட்டு வந்தவ அப்புறம் போகவே இல்லை. அத்தைகிட்ட சொன்னா, 'ரெண்டு பெத்தவளுக்கு இது இருக்கத்தான் செய்யும், தண்ணியைக் கொறச்சுக் குடி'ங்கறாங்க. டாக்டர்கிட்ட இதைப் போய் எப்படிங்க சொல்றது? என் தம்பி மனைவி இப்ப அஞ்சு மாசம். திருப்பூர்ல பனியன் கம்பெனில பவர்டேபிள் தைக்கறா. அவளுக்கு இப்படி ஆகாம இருக்க ஏதாச்சும் பயிற்சி இருக்குங்களா? மாசமா இருக்கறப்ப அதெல்லாம் செய்யலாமா?"

அன்புள்ள சகோதரிக்கு,

நேரான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருக்க வேண்டியதில்லை. உங்களுக்கு வந்திருப்பது பெரும்பாலும் பயிற்சியால் சரியாகக்கூடிய தசைப் பலவீனம். குழந்தை பிறந்து ஐந்தே மாதம் ஆகியிருக்கிறது, அதுவும் உங்களுக்குச் சாதகம்தான்.

உங்கள் அத்தை சொன்னதில் ஒரு பாதி உண்மை. பிள்ளை பெற்ற மூன்று பெண்களில் ஏறக்குறைய ஒருவருக்கு இந்தக் கசிவு இருக்கிறது. அத்தைக்கும் இருந்திருக்கலாம், அவரைப் பெற்றவருக்கும் இருந்திருக்கலாம். நிறையப் பேருக்கு இருப்பதாலேயே அது இயல்பு என்று ஆகிவிட்டது. ரத்தசோகையும்தான் நிறையப் பேருக்கு இருக்கிறது. அதற்கு நர்ஸம்மா வீடு தேடி வந்து மாத்திரை கொடுக்கிறார், சாப்பிட்டாயா என்று கேட்கிறார். இதை மட்டும் யாரும் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை. பிசியோதெரபிஸ்டாக எனக்கு இதில் மனவருத்தம் நிறைய உண்டு. ஐம்பது வயதுக்கு மேல் கர்ப்பப்பை இறங்கி வருகிற அம்மாக்களிடம் பேசினால், "முதல் குழந்தை பிறந்ததிலிருந்தே இருமினால் வரும் கண்ணு" என்பார்கள். அத்தனை வருடமும் மாற்றுத்துணியைப் பையில் வைத்துக்கொண்டே கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் போய் வந்திருப்பார்கள். நீங்கள் ஐந்தாம் மாதத்திலேயே எழுதிக் கேட்டது நல்ல காரியம்.

என்ன நடந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டால் பயம் பாதி போய்விடும். இடுப்பின் அடியில், முன்பக்கத்து எலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரைக்கும் தசைகள் தூளி கட்டினது போலப் பரவியிருக்கின்றன. இடுப்புத்தளத் தசைகள் என்று இவற்றைச் சொல்வோம். சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் கீழிருந்து தாங்குவது இவைதான். சிறுநீர், பிரசவம், மலம் மூன்றுக்குமான வழிகளும் இந்தத் தசைகளுக்கு நடுவேதான் வெளியே வருகின்றன. நீங்கள் இருமும்போது வயிற்றுக்குள் அழுத்தம் சட்டென்று ஏறும். அந்த நொடியிலேயே தசை இறுகி வழியை மூடிவிட்டால் ஒரு சொட்டும் வராது. தசை தளர்ந்திருந்தாலோ, இறுகுவதற்குக் கொஞ்சம் தாமதமானாலோ கசியும்.

பத்து மாதம் சுமந்ததில் இந்தத் தசைகள் ஏற்கெனவே களைத்திருக்கும். ஹார்மோன்களால் இணைப்புத் திசுக்கள் இளகியிருக்கும். பிரசவ நேரத்தில் குழந்தையின் தலை வெளிவரும்போது உட்பக்கத் தசை தன் நீளத்தைப் போல மூன்று மடங்குக்கும் மேல் இழுபடுகிறது. உடம்பில் வேறெந்தத் தசையையாவது இப்படி இழுத்திருந்தால், கட்டுப் போட்டு, ஓய்வு கொடுத்து, பயிற்சி சொல்லிக் கொடுத்திருப்பார்கள். இங்கே தையல் பிரிந்ததோ ஆறியதோ என்று பார்ப்பதோடு விட்டுவிடுகிறோம். சிசேரியன் ஆனவர்களுக்கு இது வரவே வராது என்பதும் சரியில்லை. வாய்ப்பு கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான்.

பயிற்சிக்கு வருவதற்கு முன்னால் தண்ணீர் விஷயத்தை முடித்துவிடுகிறேன். தண்ணீரைக் குறைக்காதீர்கள். குறைத்தால் சிறுநீர் கெட்டியாகி, பையை எரிச்சல்படுத்தி, அடிக்கடி போக வேண்டும் என்ற உணர்வைக் கொடுக்கும். நீர்க்கடுப்பும் கிருமித் தொற்றும் வரலாம். பால் கொடுக்கிற உடம்புக்குத் தண்ணீர் கூடுதலாகவே தேவை. இன்னொன்று, தண்ணீர் குறைந்தால் மலம் இறுகும். முக்கி முக்கிப் போவது இந்தத் தசைகளுக்கு இருமலைவிட மோசமானது. பத்தியம் என்று தண்ணீரையும் கீரையையும் நிறுத்தி வைக்கிற வீடுகளில் பிள்ளை பெற்றவர்கள் மலச்சிக்கலால் படும் பாட்டை நிறையப் பார்க்கிறேன். கீரை, கம்பு, ராகி, பச்சைப்பயறு, பழம் எல்லாம் சாப்பிடுங்கள். உங்கள் வீட்டில் இருப்பது குந்தி உட்காரும் கழிவறை என்றால் மலம் கழிக்க அது நல்ல நிலைதான், மாற்ற வேண்டாம். வெஸ்டர்ன் என்றால் காலடியில் ஒரு சின்னப் பலகை போட்டு முழங்காலை உயர்த்திக்கொள்ளுங்கள்.

இனி பயிற்சி. ஆர்னால்ட் கெகல் என்ற அமெரிக்கப் பெண்கள் நல மருத்துவர் 1948இல் இதைப் பற்றி எழுதினார். அதனால் கெகல் பயிற்சி என்று பெயர். அவர் வெறுமனே "இறுக்குங்கள்" என்று சொல்லி அனுப்பவில்லை. தசை எவ்வளவு இறுகுகிறது என்று காட்டும் ஒரு கருவியை வைத்து, பெண்கள் தாங்களே பார்த்துக் கற்றுக்கொள்ளும்படி செய்தார். செல்போனில் வருகிற வீடியோக்களில் விட்டுப்போவது அந்தப் பகுதிதான். 1991இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், வாய்மொழியாக மட்டும் சொல்லிக் கொடுத்தபோது நாலில் ஒரு பெண் உள்ளே இழுப்பதற்குப் பதிலாகக் கசிவை அதிகப்படுத்தும் விதத்தில் கீழே தள்ளிக்கொண்டிருந்தார். அதனால் எத்தனை தடவை செய்கிறீர்கள் என்பதைவிட, சரியான இடம் அசைகிறதா என்பதுதான் முக்கியம். முதல் ஒரு வாரத்தை இதைக் கண்டுபிடிப்பதற்கே ஒதுக்குங்கள்.

குழந்தை தூங்கும்போது ஒருக்களித்தோ, முழங்கால் மடக்கி மல்லாந்தோ படுங்கள். மூச்சை இழுத்து வயிற்றைத் தளர விடுங்கள். அப்புறம் மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டே, நாலு பேர் நடுவில் காற்றுப் பிரியாமல் அடக்குவீர்களே, அந்த இடத்தை இறுக்குங்கள். அதோடு சேர்த்து ஒண்ணுக்கு வருவதை அடக்குவது போல முன்பக்கத்தையும் இறுக்குங்கள். இரண்டும் சேர்ந்து உள்ளேயும் மேலேயும் ஏறுவது தெரிய வேண்டும். பிட்டம் கெட்டியாகக் கூடாது, தொடைகள் ஒட்டிக்கொள்ளக் கூடாது, மூச்சு நிற்கக் கூடாது, வயிறு முன்னால் தள்ளக் கூடாது. சந்தேகமாக இருந்தால் ஒரு கைக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் இருக்கிற இடம் உள்ளே போனால் சரி. வெளியே உப்பினால் தள்ளுகிறீர்கள் என்று அர்த்தம். அப்படியானால் நிறுத்திவிட்டு நேரில் காட்டிக் கற்றுக்கொள்ளுங்கள். கண்ணாடியில் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உங்கள் உடம்பை நீங்கள்தான் பார்க்கிறீர்கள்.

பிடி கிடைத்துவிட்டதா? இனி கணக்கு. இறுக்கி 3 விநாடி பிடியுங்கள், முழுக்கத் தளர விடுங்கள், ஒரு மூச்சு காத்திருந்து மறுபடி. இப்படி 8 முதல் 10 தடவை. அதன் பிறகு சட்டென்று இறுக்கி உடனே விடுவதாக 8 முதல் 10 தடவை. மெதுவாகப் பிடிப்பது நாள் முழுக்கத் தாங்கும் பலத்துக்கு, வேகமாகச் செய்வது இருமலுக்கும் தும்மலுக்கும். நாளுக்கு மூன்று வேளை. வாரம் போகப் போக 3 விநாடியை 5 ஆக்கி, பிறகு 10 வரை கொண்டு போகலாம். படுத்துச் செய்வது எளிதானதும் உட்கார்ந்து, பிறகு நின்று செய்யுங்கள். பால் கொடுக்கும்போது ஒரு வேளை, சாயங்காலம் டீ வைக்கும்போது ஒரு வேளை என்று ஏதாவது ஒரு வேலையோடு சேர்த்துவைத்தால் மறக்காது.

தளர விடுவதை நிறையப் பேர் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். நாள் முழுக்க இறுக்கியே வைத்திருக்கும் தசை களைத்துப்போய், தேவைப்படும் நேரத்தில் கைவிடும். இறுக்கும்போதோ தாம்பத்தியத்தின்போதோ வலி இருந்தால், உங்கள் தசை பலவீனமாக இல்லாமல் இறுகிப்போயும் இருக்கலாம். அப்படி இருந்தால் முதலில் தளர்த்தும் பயிற்சிதான், இறுக்குவது அப்புறம். இன்னொன்று, சிறுநீர் கழிக்கும்போது நடுவில் நிறுத்திப் பார்ப்பதைப் பயிற்சியாகச் செய்யாதீர்கள். பை முழுதாகக் காலியாகாமல் போகும்.

குறைந்தது 3 மாதம் விடாமல் செய்ய வேண்டும். நாலாவது வாரத்தில் "ஒன்றும் தெரியலீங்க" என்று விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். தசை வலுவாக அத்தனை காலம் ஆகும். அதுவரைக்கும் கைகொடுக்க ஒரு வழி இருக்கிறது. இருமல் வருகிறது என்று தெரிந்ததும், அதற்கு ஒரு நொடி முன்னால் அடித்தசையை இறுக்கிக்கொண்டு இருமுங்கள். தும்மலுக்கும் அப்படியே. சரியான பிடி கிடைத்தவர்களுக்கு ஒரு வாரத்திலேயே இதில் வித்தியாசம் தெரியும். பால் கேனுக்கும் இதே முறைதான். கேனுக்குப் பக்கத்தில் போய் நின்று, முழங்காலை மடக்கி, தசையை இறுக்கி, மூச்சை வெளியே விட்டுக்கொண்டே தூக்குங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு "ம்ம்" என்று தூக்கினால் அத்தனை அழுத்தமும் கீழேதான் இறங்கும். ஒரே பெரிய கேனை இரண்டு சின்னக் கேனாகப் பிரித்து இரு கையிலும் எடுத்துப் போனால் இன்னும் நல்லது. மாட்டுக்கான சோளத்தட்டுக் கட்டைத் தலையில் ஏற்றுவது, தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைப்பது இரண்டையும் இந்த மூன்று மாதத்துக்கு வீட்டில் வேறு யாராவது செய்யட்டும். உங்கள் வீட்டுக்காரரிடம் காரணத்தைச் சொல்லியே கேளுங்கள். தையல் போட்ட உடம்பு, தசை ஆற வேண்டும் என்று சொன்னால் புரியாமல் போகாது. குந்தி உட்கார்ந்து பால் கறப்பதால் கெடுதல் இல்லை, அதை நிறுத்த வேண்டாம்.

வயிற்றைச் சேலைத்துணியால் இறுக்கிக் கட்டுகிற பழக்கம் நம் பக்கம் இருக்கிறது. லேசாகக் கட்டுவது முதுகுக்கு இதமாக இருக்கலாம். ஆனால் மூச்சு முட்டக் கட்டினால் வயிற்றின் அழுத்தம் கீழே தள்ளப்படும், துணி தசையை வலுவாக்காது. வயிறு நடுவில் பிளந்து மேடாகத் தெரிகிறது என்றால் அதையும் நேரில் காட்டுங்கள். வயிறு குறைய வேண்டும் என்று அவசரப்பட்டு மல்லாந்து படுத்து எழுந்து எழுந்து உட்காரும் பயிற்சியை இப்போது ஆரம்பிக்க வேண்டாம்.

கும்மிக்கு வருகிறேன். நீங்கள் கடிதத்தில் அதைப் பற்றி எழுதிய வரிகள்தான் என்னை நிறுத்திப் படிக்க வைத்தன. கும்மியை விட்டுவிடாதீர்கள். மாடும் குழந்தையும் வீடுமாக இருக்கிற ஒரு பெண் தனக்கென்று வைத்திருந்த நேரம் அது. ஆனால் குதித்து ஆடும் பாட்டுக்கு உங்கள் உடம்பு இன்னும் தயாராகவில்லை. ஓட்டப்பயிற்சிக்குத் திரும்பும் தாய்மார்களுக்காக 2019இல் பிரிட்டனில் பிசியோதெரபிஸ்டுகள் ஒரு வழிகாட்டி வெளியிட்டார்கள். ஓடுவது, குதிப்பது எதையும் பிரசவமான 12 வாரத்துக்கு முன்னால் ஆரம்பிக்க வேண்டாம், அதற்குப் பிறகும் சில சோதனைகளைத் தாண்டியபின் ஆரம்பியுங்கள் என்கிறது அது. கும்மிக்கும் அது அப்படியே பொருந்தும். கசிவும் இல்லாமல், கீழே கனமும் இல்லாமல் அரை மணி நேரம் நடக்க முடிகிறதா என்று முதலில் பாருங்கள். அப்புறம் ஒற்றைக் காலில் 10 விநாடி நிற்பது, இருந்த இடத்திலேயே ஒரு நிமிடம் மெல்ல ஓடுவது, கடைசியாக ஒவ்வொரு காலிலும் 10 தடவை நொண்டியடிப்பது. எதில் கசிகிறதோ அதற்கு முந்தைய படியில் நில்லுங்கள், இரண்டு வாரம் கழித்து மறுபடி பாருங்கள்.

அதுவரைக்கும் பயிற்சிக்களத்துக்குப் போகாமல் இருக்க வேண்டும் என்றில்லை. மெதுநடைப் பாட்டுகளுக்கு ஆடுங்கள், வேகம் பிடிக்கும்போது ஓரமாக நின்று கை மட்டும் தட்டுங்கள். ஆசிரியரிடம், "பிரசவம் ஆகி அஞ்சு மாசம், இன்னும் குதிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க" என்றால் போதும். உங்கள் வரிசையில் ஆடுகிறவர்களில் இன்னும் எத்தனை பேர் இதே காரணத்துக்காக நாப்கின் வைத்துக்கொண்டு ஆடுகிறார்களோ. ஒருத்தி வாயைத் திறந்தால் நாலு பேர் திறப்பார்கள்.

உங்கள் தம்பி மனைவிக்கு இப்போது ஆரம்பிப்பதுதான் சரியான நேரம். பல மருத்துவ ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பின் 2020ஆம் ஆண்டுத் தொகுப்பு இதைத் தெளிவாகச் சொல்கிறது. கசிவு இல்லாத கர்ப்பிணிகள் முன்கூட்டியே இந்தத் தசைப்பயிற்சியைச் செய்தபோது, கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் கசிவு வரும் வாய்ப்பு 62 சதவீதம் குறைந்தது. பிரசவமாகி 3 முதல் 6 மாதத்தில் 29 சதவீதம் குறைந்தது. தசை இறுகிப்போய்ப் பிரசவம் கஷ்டமாகும் என்று யாராவது சொன்னால் பயப்பட வேண்டாம், அதற்கு ஆதாரம் இல்லை. நான் மேலே சொன்ன அதே முறைதான் அவருக்கும். வயிறு பெரிதாகும்போது மல்லாந்து அதிக நேரம் படுக்காமல் இடதுபக்கம் ஒருக்களித்துச் செய்யட்டும்.

அதோடு நடையும் வேண்டும். கர்ப்பிணிகளுக்கு வாரம் 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொல்லியிருக்கிறது. நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்க வேண்டும், அதுதான் மிதம். நம் ஊர் வெயிலுக்கு விடியற்காலையோ பொழுது சாய்ந்த பிறகோ போவது நல்லது. கட்டுச்சோறு விருந்து முடிந்து அம்மா வீட்டுக்கு வந்ததும் படுக்கையிலேயே இருக்க வைப்பதும் வேண்டாம், சுகப்பிரசவம் ஆகட்டும் என்று வீடு முழுக்கக் குனிந்து துடைக்க வைப்பதும் வேண்டாம். குனிந்து துடைத்தால் சுகப்பிரசவம் உறுதி என்பதெல்லாம் இல்லை. நஞ்சுக்கொடி கீழே இருக்கிறது, கர்ப்பப்பை வாயில் தையல் போட்டிருக்கிறது, ரத்த அழுத்தம் அதிகம், ரத்தப்போக்கு இருந்தது, ரத்தசோகை கடுமை என்று டாக்டர் சொல்லியிருந்தால், அவரைக் கேட்காமல் எந்த உடற்பயிற்சியும் வேண்டாம். நடக்கும்போது ரத்தம் பட்டாலோ, நீர் கசிந்தாலோ, தலை சுற்றினாலோ, நெஞ்சு வலித்தாலோ, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பவர்டேபிளில் உட்காருகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல். பீஸ் ரேட் கணக்கு ஓடும்போது எழுந்தால் காசு போகும் என்று ஒண்ணுக்கை அடக்கிக்கொண்டே தைப்பார்கள், அதற்காகத் தண்ணீரும் குடிக்க மாட்டார்கள். 3 மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது எழுந்து போகச் சொல்லுங்கள். சம்பளத்தில் இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீட்டுக்குப் பிடிக்கிறார்களா என்று இப்போதே பார்க்கட்டும். சந்தா நாள்கள் சரியாக இருந்தால் முதல் இரண்டு பிரசவத்துக்கும் 26 வாரம் வரை பேறுகாலப் பணப்பலன் உண்டு. அவசரமாகத் திரும்பி வந்து மெஷினில் உட்காராமல் இருக்க அது உதவும்.

டாக்டரிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டீர்கள். "இருமினா, கனம் தூக்கினா சிறுநீர் கசியுதுங்க, பிரசவத்துக்கு அப்புறம் வந்துச்சு." இந்த ஒரு வரி போதும். வாயில் வரவில்லை என்றால் சீட்டில் எழுதி நீட்டுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸம்மாவிடம் சொல்வது எளிது என்றால் அவரிடம் சொல்லுங்கள். திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ வேறு பெரிய ஆஸ்பத்திரிக்கோ போனால், மகப்பேறு மருத்துவரைப் பார்த்துவிட்டு பிசியோதெரபிக்கும் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். பெண் பிசியோதெரபிஸ்ட் வேண்டும் என்று கேட்பதிலும் தவறில்லை.

சிலவற்றுக்கு மட்டும் காத்திருக்கக் கூடாது. சிறுநீரில் ரத்தம், எரிச்சலோடு காய்ச்சல், சிறுநீர் வராமல் அடைப்பது, கீழே ஏதோ உருண்டை இறங்கி நிற்பது, காற்றோ மலமோ அடக்க முடியாமல் போவது. இதில் எது இருந்தாலும் இந்த வாரமே போங்கள், சிறுநீர் அடைத்தால் அன்றைக்கே போங்கள். உங்களுக்கு இரண்டு தடவை தையல் போட்டிருப்பதால், காற்றோ மலமோ அடக்க முடியாமல் போகிறதா என்று கவனித்துப் பாருங்கள். தையல் ஆசனவாய்த் தசை வரை போயிருந்ததா என்று டிஸ்சார்ஜ் சீட்டில் இருக்கும், அதையும் எடுத்துப் போங்கள். கர்ப்பப்பை இறக்கம் இருப்பதாகச் சொன்னாலும் பதற வேண்டாம். லேசான இறக்கத்துக்கு இதே தசைப்பயிற்சி பலன் தரும், தேவைப்பட்டால் கர்ப்பப்பையைத் தாங்க உள்ளே வைக்கும் வளையமும் இருக்கிறது. 29 வயதில் யாராவது எடுத்த எடுப்பிலேயே கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்றால், இன்னொரு மகப்பேறு மருத்துவரிடம் கேட்காமல் சம்மதிக்காதீர்கள்.

இன்று ஆரம்பித்தால், குழந்தைக்கு ஒன்பது மாத ஊசி போடப் போகும்போது உங்கள் மூன்று மாதப் பயிற்சி முடிந்திருக்கும். வாரத்தில் எத்தனை நாள் கசிகிறது என்று காலண்டரில் புள்ளி வைத்து வாருங்கள். புள்ளிகள் குறைந்திருந்தால் பயிற்சியை நாளுக்கு ஒரு வேளையாகக் குறைத்துத் தொடருங்கள். குறையவில்லை என்றால் அந்தக் காலண்டரையே எடுத்துப் போய்க் காட்டி, மேல் சிகிச்சைக்கு எழுதி வாங்குங்கள்.